ஐந்து புள்ளி எட்டு

இக்கிக்கேயில் சனிக்கிழமை இரவுக் காட்சி.
பின்னால் மணல் மலை, முன்னால் பசிபிக்,
இடையில் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில்
நானும் எலியுத்தேரியோவும் அவன் மகள் மிலென்காவும்.
டிக்கெட் அவன் எடுத்தது.
ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு
ஓய்வு நாளிலும் யாராவது அலற வேண்டும்.

கதை ஒன்றும் பெரிதில்லை.
விற்பனைக்கு வந்த ஒரு வீட்டைத்
தரகன் ஒருவன் கேமராவில் சுற்றிக் காட்டுகிறான்.
இது வரவேற்பறை. இது சமையலறை.
இந்த ஜன்னலைத் திறந்தால் துறைமுகம்.
திறக்கிறான்.
துறைமுகம் எழுந்து நிற்கிறது.

அதற்குப் பிறகு ஓட்டம்.
அவன் ஓட, கேமரா ஓட,
எங்களுக்குக் கிடைத்தவை:
அவன் ஷூ, மாடிப்படி, ஒரு நாய்,
வானம், மறுபடி ஷூ,
ஒரு முழங்கால்
அல்லது முழங்கால் மாதிரி இடிந்த கட்டடம்.

எனக்குக் குமட்டியது.
நான் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
பத்தொன்பது வருஷமாக, நாளைக்கு அறுபது தடவை
சொல்வது இதைத்தான்:
மூச்சை இழுத்துப் பிடியுங்கள். அசையாதீர்கள்.
அசைந்த படம் குப்பைக்கூடைக்கு.
இங்கே காசு கொடுத்து
ஒன்றரை மணி நேரம் அசைந்த படம்.

முதலில் பேச ஆரம்பித்தது
மிலென்காவின் கோக் டம்ளரில் இருந்த ஐஸ்.
பிறகு இருக்கைகளின் போல்ட்டுகள்.
பிறகு தரைக்கடியில் அந்த லாரி,
எங்கள் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த லாரி,
எந்தச் சாலையிலும் வராதது.

திரையில் ஒரு நகரமே கத்திக்கொண்டிருந்தது.
அரங்கில் ஒருவரும் எழவில்லை.
ஏழுக்குக் கீழே எழுந்தால் இங்கே கேலி செய்வார்கள்.
பின்வரிசையில் ஒரு ஆண் குரல்: ஐந்து புள்ளி நாலு.
அவர் மனைவி, சோளப்பொரியை மென்றபடி: எட்டு.
பந்தயம்?
ஒரு எம்பனாடா.

மேலே புரொஜெக்டரும் ஆடியிருக்க வேண்டும்.
தரகனின் கை இடப்பக்கம் போனபோதெல்லாம்
சுவர் வலப்பக்கம் போயிருக்க வேண்டும்.
வெறும் கழித்தல் கணக்கு.
மூன்று விநாடி, நாலாகவும் இருக்கலாம்,
படம் நின்றது.

நின்றது என்றால்,
மேஜைமேல் படுத்த நோயாளி மாதிரி
அது முழுசாக, தெளிவாக, என் முன்னால்.
பல்லை எல்லோரும் பார்ப்பார்கள்.
நான் இடது முன்கையைப் பார்த்தேன்.
எப்போதோ முறிந்து
கட்டுப் போட ஆளில்லாமல்
தானாகவே கோணலாகச் சேர்ந்த எலும்பு.
அந்தக் கையைத் தூக்குமுன்
தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டது.
வலிக்கிறவர்கள் சட்டை மாட்டுவது அப்படித்தான்.

லாரி போய்விட்டது.
படம் மறுபடி ஆடத் தொடங்கியது.
நான் மூச்சை விட்டேன்.

வாகன நிறுத்தத்தில் எல்லோர் கையிலும் போன்:
ஐந்து புள்ளி எட்டு.
அந்தம்மா ஜெயித்த முகத்தோடு
கணவரின் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.
அந்தக் கையைப் பார்த்தாயா, என்றேன்.
எந்தக் கை, என்றான் எலியுத்தேரியோ,
நான் வாலைத்தானே பார்த்தேன்.
அதெல்லாம் கம்ப்யூட்டர், நெலிதா, என்றாள் மிலென்கா.

சரி, கம்ப்யூட்டர்தான்.
ஆனாலும் யாரோ ஒருவர்
அதன்முன் உட்கார்ந்து அந்த எலும்பை முறித்து,
எத்தனையோ வருஷம் ஆறவிட்டு,
கோணலாக ஆறிய இடத்தில் தோலையும் போர்த்தி,
பிறகு அந்த வேலை முழுவதையும்
ஓடுகிறவன் ஒருவனின் கையில் கொடுத்திருக்கிறார்.
யார் கண்ணுக்கும் படாது என்று தெரிந்தே.

செவ்வாய்க்கிழமை பாதி விலை.
தனியாகப் போனேன். அதே வரிசை, அதே இருக்கை.
இது வரவேற்பறை. இது சமையலறை.
பூமி தன் பாட்டுக்குக் கிடந்தது.
அந்த இடம் வந்ததும்
அவன் கை போகிற திசைக்கு எதிர்த்திசையில்
என் தலையை ஆட்டிப் பார்த்தேன்,
இடம், வலம், வலம், இடம்.

பக்கத்தில் இருந்தவர்
தன் சோளப்பொரியை எடுத்துக்கொண்டு
இரண்டு இருக்கை தள்ளிப் போனார்.